கேஏபி 140 ஆட்டோபைலட்: ஆறு வருடம் பழகிய பிறகு

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டைமாடி அறையில் ஒரு கம்ப்யூட்டரும் ஜாய்ஸ்டிக்கும் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் ஃபிளைட்கியர் என்கிற இலவச சிமுலேட்டர். துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்து வந்தால் வாரத்துக்கு மூன்று நாளாவது அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். நிஜ விமானம் ஓட்டியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வருடமாக நான் ஓட்டுவது அதிலுள்ள செஸ்னா 172பி. நாலு சீட், ஒற்றை எஞ்சின், 160 குதிரைத்திறன். அதன் பேனலில் இருக்கும் ஆட்டோபைலட்தான், அதாவது விமானத்தைத் தானாக ஓட்டும் பெட்டிதான், கேஏபி 140. நிஜமான 172எஸ் விமானங்கள் பலவற்றிலும் இதே பெட்டிதான். பைலட் பயிற்சியில் இருக்கும் என் அக்கா மகன் பழகியதும் இதில்தான். லீவில் வரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வான். இங்கே எழுதுவதில் பாதி அவனிடம் கற்றது.

இது இரண்டு வேலைகளைத்தான் பார்க்கும். இறக்கையின் சாய்வு ஒன்று, மூக்கின் ஏற்ற இறக்கம் இன்னொன்று. திராட்டிலும் (எஞ்சின் பலத்தைக் கூட்டிக் குறைப்பது) ரட்டரும் (வாலில் இருக்கும் சுக்கான்) நம் பொறுப்பு. டேக்ஆஃபிலும் லேண்டிங்கிலும் இதைப் பயன்படுத்தக் கூடாது.

ஏபி பட்டனை அழுத்தினால் திரையில் ஆர்ஓஎல், விஎஸ் என்று இரண்டு எழுத்துக்கூட்டம் வரும். இறக்கையை மட்டமாக வைத்துக்கொள்கிறேன், இப்போது ஏறும் வேகத்திலேயே ஏறுகிறேன் என்று அர்த்தம். ஆரம்பத்தில் இது எனக்குப் புரியவில்லை. மீனம்பாக்கம் 07 ஓடுபாதையில் கிளம்பி, கடலோரம் வந்ததும் ஹெடிங் பக்கை (போக வேண்டிய திசையைக் குறிக்கும் அடையாளம்) வடக்கே திருப்பி வைத்துவிட்டு ஏபியை அழுத்தினேன். விமானம் திரும்பவே இல்லை, நேராக வங்காள விரிகுடாவுக்குள் போய்க்கொண்டே இருந்தது. எச்டிஜி (ஹெடிங்) பட்டனையும் அழுத்தினால்தான் அது பக்கைப் பார்க்கும். உயரத்திலும் இதே கதைதான். ஆட்டோபைலட் ஓடும்போது உயரத்தைத் திருகி வைத்தால் தானாகவே ஏஆர்எம் ஆகிவிடும், அதாவது அந்த உயரம் வந்ததும் அதில் நிற்கத் தயாராகிவிடும். முன்கூட்டியே திருகி வைத்திருந்தால் ஏஆர்எம் பட்டனை நாம் அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால், கேட்ட உயரத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் அந்த ஏப்ரல் மாத இரவு. இதை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான். 9,000 அடி வைத்து, நிமிடத்துக்கு 700 அடி ஏறச் சொல்லிவிட்டு, டீ எடுக்கக் கீழே போனேன். திரும்பி வந்தபோது 7,000 அடியை நெருங்கியிருந்தது. மூக்கு வானத்தைப் பார்க்க, ஸ்டால் எச்சரிக்கை (வேகம் குறைந்து இறக்கை தூக்கும் பலத்தை இழக்கப்போகிறது என்பது) ஊளையிட, வேகமானி 50 நாட் (மணிக்கு 93 கிலோமீட்டர்) அளவுக்கும் கீழே இருந்தது. மேலே போகப் போகக் காற்று மெலியும், எஞ்சின் பலம் குறையும். தரைக்குப் பக்கத்தில் 700 அடி வேகத்தில் ஏற முடிந்த விமானத்தால் அங்கே முடியாது. ஆனால் இந்தப் பெட்டி வேகமானியைப் பார்ப்பதே இல்லை. 700 என்று சொன்னேன், அதைக் காப்பாற்ற மூக்கைத் தூக்கிக்கொண்டே போயிருக்கிறது. பதறிப்போய் ஆட்டோபைலட்டை அணைத்தேன், இன்னும் மோசமானது. மூக்கைத் தூக்கியபோது டிரிம்மையும் (மூக்கை ஒரே நிலையில் பிடித்து வைக்க உதவும் சக்கரம்) அதுவே மேல்பக்கமாகச் சுற்றி வைத்திருந்தது. அணைத்த நொடியில் அந்த டிரிம் முழுவதும் என் கைக்கு வந்தது. ஒரு பக்க இறக்கை விழுந்து விமானம் சுழன்றது.

மறுநாள் போனில் சொன்னபோது அக்கா மகன் சிரிக்கவில்லை. "மாமா, அந்த 700 எங்க தெரிஞ்சுது உங்களுக்கு?" என்று கேட்டான். யோசித்துப் பார்த்தேன். அப், டவுன் பட்டனைத் தொட்டால் ஏறும் வேகம் மூன்று நொடிதான் திரையில் நிற்கும், பிறகு உயரம் வந்துவிடும். கேட்ட எண் கண்ணில் இருக்காது, அதனால் மனதிலும் இருக்காது. "ஏறும்போது ஆயிரம் அடிக்கு ஒருதரம் ஸ்பீடை வாய்விட்டுச் சொல்லுங்க. 75-க்குக் கீழ போனா டவுன் ரெண்டு தட்டு" என்றான். ஒரு தட்டுக்கு 100 அடி குறையும். அன்றிலிருந்து அப்படியே செய்கிறேன். 3,000 அடி வரை 500, அதற்கு மேல் 300. மெதுவாகத்தான் ஏறும், ஏறட்டும்.

அவன் கண்டிப்பாகச் சொன்ன இன்னொன்று, ஆட்டோபைலட் ஓடும்போது யோக்கை (விமானத்தின் ஸ்டியரிங் பிடியை) தள்ளாதே, இழுக்காதே என்பது. நாம் கீழே தள்ளினால் அது மேலே டிரிம் செய்யும். இரண்டு பேரும் எதிரெதிராக இழுத்து, கடைசியில் டிரிம் ஒரு ஓரத்தில் போய் நிற்கும். நிஜ விமானத்தில் அந்தக் கனம் கையில் தெரியும். என் ஜாய்ஸ்டிக்கில் எதுவும் தெரியாது, அதனால் அணைக்கும் முன் டிரிம் சக்கரம் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன். அணைப்பதற்கு யோக்கில் இருக்கும் சிவப்பு பட்டன் ஒரு வழி. ஏபி பட்டன், எலக்ட்ரிக் டிரிம் சுவிட்ச், சர்க்யூட் பிரேக்கர் என்று வேறு வழிகளும் உண்டு. ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக் கைநீட்டச் சொன்னான். அதையும் பழகிவிட்டேன்.

எனக்குப் பிடித்த பாதை காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் முகத்துவாரம், பழவேற்காடு என்று கடலோரமாகவே போவது. சாயங்காலக் கடல்காற்று இதில் நல்ல வாத்தியார். எச்டிஜி என்றால் மூக்கு பார்க்கும் திசை மட்டும்தான், தரைமேல் போகும் தடத்தை அது கவனிக்காது. கிழக்கிலிருந்து 15 நாட் காற்று அடித்தால் பத்து நிமிடத்தில் நாலரை கிலோமீட்டர் மேற்கே தள்ளிவிடும். கடல்மேல் போவதாக நினைத்துக்கொண்டு கீழே பார்த்தால் உப்பங்கழியும் வயலும் இருக்கும். 100 நாட் வேகத்தில் பறக்கும்போது பக்கை ஒன்பது டிகிரி வலப்பக்கம் வைத்தால் கரையோடு ஒட்டிப் போகிறது. திசைகாட்டும் கைரோவும் மெல்ல விலகிக்கொண்டே இருக்கும். கால்மணிக்கு ஒருமுறை காம்பஸைப் பார்த்துச் சரிசெய்யாவிட்டால் ஆட்டோபைலட் அந்தத் தப்பையும் விசுவாசமாகப் பின்பற்றும்.

நிஜப் பெட்டியின் காற்றழுத்த எண்ணைத் தனியாக வைக்க வேண்டும், ஆல்டிமீட்டரில் (உயரமானியில்) வைத்தால் மட்டும் போதாது. மழைக்காலத்தில் அழுத்தம் 1003 மில்லிபாருக்கு இறங்கியிருக்கும்போது 1013-லேயே விட்டுவிட்டால், உயரத்தில் முந்நூறு அடி வரை வித்தியாசம் வரும்.

இதன் பலம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், சாய்வை அறிய இது மின்சாரத்தில் ஓடும் டர்ன் கோஆர்டினேட்டரை, அதாவது திரும்புவதைக் காட்டும் கருவியைத்தான் கேட்கிறது. மற்றச் சில கருவிகளைக் காற்றை உறிஞ்சி ஓடவைக்கும் வேக்குவம் பம்ப் கெட்டு, செயற்கை அடிவானம் சாய்ந்து கிடந்தாலும் ஆர்ஓஎல்லில் இறக்கை மட்டமாக இருக்கும். மேகத்துக்குள் அந்தக் கோளாறை வேண்டுமென்றே வரவழைத்து மூன்று முறை பழகினேன். மூன்று முறையும் இது என்னை வெளியே கொண்டுவந்தது. அந்த நேரத்தில் எச்டிஜியை மட்டும் தொடக் கூடாது. திசை கைரோவும் அதே பம்பில்தான் ஓடுகிறது.

என்ஏவி (ரேடியோ வழிகாட்டியைப் பின்தொடரும் பட்டன்) மட்டும் இன்னும் முழுதாக வசப்படவில்லை. அதை அழுத்தியதும் எச்டிஜி என்ற எழுத்து ஐந்து நொடி மினுக்கும், அதற்குள் பக்கைப் போக வேண்டிய பாதையின் திசைக்குத் திருப்பிவிட வேண்டும். சென்னை விஓஆர் என்கிற ரேடியோ வழிகாட்டி நிலையத்தை நோக்கித் திரும்பும்போது பத்தில் மூன்று முறையாவது கை தாமதமாகிறது. இந்த தீபாவளி லீவுக்கு அவன் வரும்போது அதை மட்டும் ஒரு நாள் முழுக்கப் போட்டுப் பார்ப்பதாக இருக்கிறோம்.