கரோல் ஆராதனைக்கு ஆள் கூப்பிட: துண்டுப்பிரதியா, அழைப்பு அட்டையா?

நத்தார் நெருங்கினால் கொழும்புத் தமிழ்ச் சபைகளில் இரண்டு பொருள்கள் கைமாறத் தொடங்கும். ஒன்று, கிறிஸ்தவப் புத்தகக் கடையில் கட்டாக வாங்கும் சுவிசேஷத் துண்டுப்பிரதி. மற்றது, புறக்கோட்டையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு டிஜிட்டல் அச்சகத்தில் சபையே அடித்துக்கொள்ளும் அழைப்பு அட்டை. பக்கத்து வீட்டாரையும் கூட வேலை செய்பவரையும் ஆலயத்துக்குக் கூட்டிவர எது உதவும் என்று கேட்டால், எங்கள் வாக்கு அட்டைக்குத்தான்.

துண்டுப்பிரதி மலிவு, போன உடனே கிடைக்கும். ஆனால் இங்கே விற்பனையாவதில் கணிசமானவை இந்திய வாசகருக்கு எழுதியவை. முகப்பில் மத்தேயு 11:28 இருக்கும், பழைய மொழிபெயர்ப்பில்: ‘வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே’. எங்கள் ஊரில் வருத்தம் என்றால் காய்ச்சல், ஆஸ்பத்திரி. சபைப் பழக்கம் இல்லாதவர் நோயாளிகளுக்கான ஜெபக் கூட்டம் என்று எடுத்துக்கொள்வார். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அதே வசனம் ‘பெருஞ்சுமை சுமந்து சோர்ந்திருப்பவர்களே’ என்று தொடங்கும், யாருக்கும் விளங்கும். இன்னொரு தொல்லை பின்பக்கத்தில். சபை முத்திரை குத்த அங்கே ஒரு வெற்றுக் கட்டம் விட்டிருப்பார்கள். பளபளப்பான ஆர்ட் தாளில் முத்திரை மை லேசில் காயாது, அடுத்த பிரதியில் போய் ஒட்டும்.

முன்பின் தெரியாதவரின் கையில் பஸ் தரிப்பிடத்தில் திணிப்பதற்கும் துண்டுப்பிரதி பொருந்தாது. இந்திய அரசியலமைப்பின் 25ஆம் உறுப்புரை மதத்தைப் பரப்பும் உரிமையை வெளிப்படையாகவே சொல்கிறது. எங்கள் இலங்கை அரசியலமைப்பின் 10ஆம், 14ஆம் உறுப்புரைகளில் நம்பவும் வழிபடவும் கற்பிக்கவும் சுதந்திரம் உண்டு. பரப்புதல் என்ற சொல் கிடையாது. 2003இல் உயர் நீதிமன்றமும் ஒரு தீர்மானத்தில் இதைச் சுட்டிக்காட்டியது. தெரிந்தவரின் பெயரை எழுதி, கையில் கொடுத்து, ‘வாங்கோ’ என்று கூப்பிடுவது வேறு விஷயம். அட்டை அதற்குத்தான்.

அளவு ஏ6, அதாவது தபால் அட்டை அளவு, போதும். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்ட் என்ற தடித்த பளபளப்பு அட்டை. எஸ்ஆர்ஏ3 என்ற அச்சகப் பெரிய தாள் ஒன்றில், ஒவ்வோர் அட்டைக்கும் நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் வெட்டு இடம் விட்டு, 8 அட்டை வரும். 80 குடும்பம், குடும்பத்துக்கு 3 அட்டை என்றால் 240. அதாவது 30 தாள். இந்தத் தொகைக்கு ஓஃப்செட் கட்டாது, தகடு போடும் செலவே விலையை ஏற்றிவிடும். ‘ஆயிரமாக அடித்தால் லாபம்’ என்று அச்சகத்தில் சொல்வார்கள். மிச்சம் 760 அட்டை ஆலய அலுமாரியில் கிடக்கும். லாமினேஷன் வேண்டுமானால் முகப்புக்கு மட்டும். பின்பக்கத்தைச் சும்மா விட்டால்தான் பெயரைப் பேனையால் எழுதலாம்.

காரியம் கெடுவது பெரும்பாலும் எழுத்துருவில். அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருதான் ராஜா. அதில் கணினி பார்ப்பது ஆங்கில எழுத்துகளை. திரையில் மட்டுமே தமிழ். சிறிய எஃப் தட்டினால் ‘க’, பெரிய எஃப் தட்டினால் ‘கு’. வேர்ட் மென்பொருள் வசனத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கினால் ‘கர்த்தர்’ என்பது ‘குர்த்தர்’ ஆகிவிடும். யுனிகோடில் கொடுத்தாலும் நிம்மதி இல்லை: ஃபோட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய மொழி அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். எழுத்துகளை வடிவங்களாக மாற்றிய பிடிஎஃப் ஒன்றைக் கொடுங்கள். ஒரே ஒரு தாளை அடிக்கச் சொல்லி, உரத்து வாசித்துப் பார்த்த பிறகு மீதிக்குச் சம்மதம் சொல்லுங்கள்.

என்ன எழுதுவது? வசனம் ஒன்று போதும். மிச்ச இடம் வருகிறவர் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளுக்கு. எத்தனை மணிக்கு முடியும்? செருப்பைக் கழற்ற வேண்டுமா? காணிக்கைப் பை வந்தால் என்ன செய்வது? (‘விருந்தினர் போட வேண்டியதில்லை’ என்று அச்சிலேயே போடுங்கள்.) நற்கருணை உண்டென்றால், அந்த நேரம் இருக்கையில் இருக்கலாம் என்பதையும் சேருங்கள். 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வாசலில் பை சோதிக்கும் ஆலயங்கள் உண்டு; உங்களுடையதும் அப்படியென்றால் ‘சிறிய பை கொண்டுவரவும்’ என்று ஒரு வரி. முகவரிக்குக் கீழே அடையாளம்: எந்தக் கடைக்கு எதிரே, எந்த ஒழுங்கை. கியூஆர் குறி 2 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. வரைபடப் புள்ளி, வருகிறவர்கள் நுழையும் வாசலில்தான் விழுகிறதா என்று ஓட்டோவில் ஒருமுறை போய்ப் பாருங்கள். வாசல் பின் ஒழுங்கையில் இருக்க, புள்ளி காலி வீதியில் நிற்பது சாதாரணம்.

அட்டையைப் பத்து நாளைக்கு முன் கொடுப்பது நல்லது. வட்ஸ்அப் படம் முதல்நாள் நினைவூட்ட மட்டும். அதையே அழைப்பாக்கினால் பலமுறை பகிரப்பட்ட படங்களின் கூட்டத்தில் ஒன்றாகிவிடும். உங்களுக்குக் கீழே வேலை செய்பவருக்கும், உங்களிடம் உதவி வாங்குபவருக்கும் கொடுக்காமல் விடுங்கள். அவர்களால் மறுக்க முடியாது.

திகதியை முடிவு செய்யுமுன் பஞ்சாங்கத்தையும் புரட்டுங்கள். மார்கழித் திருவெம்பாவை நாள்களில் சைவக் குடும்பங்கள் விடியவே கோயிலுக்குப் போவார்கள், அநேகர் மச்ச மாமிசம் தொடமாட்டார்கள். ஆராதனை முடிந்து தேநீரோடு மீன் பற்றிஸும் முட்டை போட்ட கேக்கும் மட்டும் நீட்டினால், அழைத்தவருக்குத்தான் வெட்கம். வடைத் தட்டு தனியாக, கரண்டியும் தனியாக.