டீசலா, புவிவெப்பமா? அலாஸ்காவின் சேனா ஊற்று காட்டும் கணக்கு

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரிலிருந்து சுமார் 100 கி.மீ. தள்ளி, மின்கம்பி போய்ச் சேராத வெந்நீர் ஊற்று விடுதி சேனா ஹாட் ஸ்பிரிங்ஸ். 2006 வரை டீசல் ஜெனரேட்டர்தான். யூனிட்டுக்கு 30 சென்ட் அளவில் செலவு.

புவிவெப்பத்துக்கு, அதாவது நிலத்தடிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுப்பதற்கு, அங்கே இருந்த சிக்கல், கிணற்று நீர் 74 டிகிரி செல்சியஸ்தான். நீராவி வராது. அதனால் அந்த வெந்நீரால் ஆர்-134ஏ என்ற குளிர்பதனத் திரவத்தை ஆவியாக்கி டர்பைனைச் சுழற்றுகிறார்கள். ஆவியை மறுபடி திரவமாக்குவது 4 டிகிரிக் குளிர்நீர். வடக்கின் குளிரே இங்கு உதவிக்கு வருகிறது. வெப்பத்தை மின்சாரமாக்கும் திறன் 8 சதவீதம்தான்; ஆனாலும் தலா 200 கிலோவாட் இயந்திரங்கள் இரண்டும் யூனிட் செலவை 5-7 சென்ட்டுக்கு இறக்கின.

டீசலை இறக்கினால் அன்றே ஓட்டலாம், பழுதுபார்க்க உள்ளூர் மெக்கானிக் போதும். ஆனால் கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு படிந்து ஃபில்டர் அடைக்கும். குளிர்கால டீசல் கட்டாயம்.

புவிவெப்பத்தில் பணம் முதலிலேயே துளைக்குள் போகிறது. சூடு கிடைக்காவிட்டால் போனது போனதுதான். பயன்படுத்திய நீரைத் திருப்பி விடும் கிணறு உற்பத்திக் கிணற்றுக்கு மிக அருகில் இருந்தால் வெந்நீரே ஆறிவிடும். ஆகவே சோதனைத் துளையிட்டு வெப்பநிலை அளக்காமல் எந்த ஊரும் இறங்கக் கூடாது. ஆலை ஓடத் தொடங்கிய பிறகும் பழைய ஜெனரேட்டரை விற்றுவிடாதீர்கள்.