மணிலாவா, செபுவா? கடலைத் தொடாமல் ஒரு சனி ஞாயிறு

பிலிப்பைன்ஸ் என்றதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது கடற்கரை, இல்லாவிட்டால் அங்கே மருத்துவம் படிக்கப்போன உறவுக்காரப் பிள்ளை. 2025 ஜூன் முதல் இந்தியப் பாஸ்போர்ட்டில் 14 நாள் வரை விசா இல்லாமலே போகலாம் என்றானபின் விசாரிப்புகள் கூடிவிட்டன. சாப்பாடு, வடிவமைப்பு, கடைத்தெரு, இந்த மூன்றுக்காக மட்டும் இரண்டு நாள் போவதென்றால் எந்த ஊர், தலைநகர் மணிலாவா, தீவு நகரமான செபுவா? "மணிலா ஒரே நெரிசல், பேசாமல் செபுவுக்குப் போ" என்பதுதான் பலரும் சொல்வது. எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

சம்மதமான பாதி, சாப்பாடு. செபுவின் லெச்சோனுக்கு, அதாவது சுட்ட முழுப் பன்றிக்கு, மணிலாவில் ஈடில்லை. முழுப் பன்றியின் வயிற்றில் எலுமிச்சைப்புல், பூண்டு, வெங்காயத்தாள் எல்லாம் திணித்துத் தைத்து, கழியில் கோத்துக் கரி நெருப்பின் மேல் மணிக்கணக்கில் சுழற்றுகிறார்கள். வாசனை கறிக்குள்ளேயே இறங்கிவிடும். தோல் அப்பளமாய் நொறுங்கும். மணிலாப் பக்கம் ஈரல் சாஸ் இல்லாமல் லெச்சோன் இறங்காது. செபுக்காரர்களுக்கோ அது கறியை மறைக்கிற வேலை. மிஞ்சினால் கொஞ்சம் வினிகர். கூடவே புசோ, அதாவது தென்னை ஓலைக் கூட்டுக்குள் அவித்த சோறு. ஃபுவென்டே ஒஸ்மென்யா வட்டத்துக்குப் பக்கத்தில் லார்சியான் என்ற இடத்தில் குச்சிக் கறியை நீங்களே பொறுக்கிக் கொடுத்தால் சுட்டுத் தருவார்கள். கையில் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு புசோவோடு பிய்த்துத் தின்ன வேண்டியதுதான்.

மணிலாவின் பலம் வேறு: வகை. 1594-இல் உருவான பினோண்டோவை உலகின் மிகப் பழைய சீனர் பேட்டை என்கிறார்கள். ஓங்பின் தெருவையும் சுற்றுச் சந்துகளையும் நடந்தே மேயலாம்: காய்கறி சுருட்டிய, பொரிக்காத லும்பியா, ஊதா நிற உபே கிழங்கு வைத்த ஹோப்பியா பணியாரம், கொதிக்கக் கொதிக்க டம்ப்ளிங். மணிலாவை ஒட்டிய வணிகப் பகுதியான மக்காத்தியில் சனிக்கிழமை காலை சல்செடோ சந்தை, ஞாயிறு காலை லெகாஸ்பி சந்தை. பல மாகாணத்துச் சமையலும் அங்கே கிடைக்கும். சைவர்களுக்கு இரண்டு ஊரும் சோதனைதான். காய்கறிப் பொரியலிலும் இறால் விழுது எட்டிப் பார்க்கும்.

இடையில் ஒன்று. 1762-இல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடிக்கப் புறப்பட்டது நம் மதராஸிலிருந்து. கூடப் போன சிப்பாய்களில் சிலர் ஊர் திரும்பாமல் பக்கத்து ஊரான கைந்தாவில் தங்கிவிட்டார்கள். மாட்டு வால் போட்ட நிலக்கடலைக் குழம்பான கரே-கரே அவர்கள் கைவண்ணம் என்றொரு கதை உண்டு. காரமே இல்லாத அந்தக் குழம்பைச் சாப்பிட்டவன் என்ற முறையில் நான் நம்பவில்லை.

வடிவமைப்பில் பட்டம் செபுவுக்கு. 2019-இல் யுனெஸ்கோ அதை வடிவமைப்பு நகரங்களின் பட்டியலில் சேர்த்தது. செபுவின் பெருமை பிரம்பு நாற்காலி, மேசைகள். பெட்டி கொபோன்புவே 1972-இல் தொடங்கிய பட்டறையை, நியூயார்க்கில் படித்துத் திரும்பிய மகன் கென்னத் உலகம் அறிந்த பெயராக்கினார். ஆனால் இந்தத் தொழில் வளர்ந்தது ஏற்றுமதியை நம்பி. நாற்காலிகள் கன்டெய்னரில் வெளிநாடு போய்விடும். ஷோரூமில் பார்க்கலாம், கைப்பையில் கொண்டுவர முடியாது. காசில்லாமல் பார்க்கக் கிடைப்பது விமான நிலையத்தின் இரண்டாம் முனையம்: அலை அலையாக வளைந்த மரக்கூரை. பரியான் பகுதியில் காசா கொரோர்தோ வீட்டின் கிளிஞ்சல் சன்னல்களையும் விடவேண்டாம். மணிலாவுக்குப் பட்டம் இல்லாவிட்டாலும், 1931-இல் கட்டிய ஆர்ட் டெகோ பாணி மெட்ரோபாலிட்டன் தியேட்டரும் கட்டடக் கலைஞர் லியாந்த்ரோ லொக்சினின் கான்கிரீட் பிரம்மாண்டமான கலாச்சார மையமும் உண்டு. வெளியே நின்று பார்த்தாலே போதும்.

வாங்குவதில் போட்டியே கிடையாது. தெற்கே மிண்டனாவோ தீவின் த'போலி பழங்குடிப் பெண்கள் அபாக்கா என்ற வாழை இன நாரில் நெய்யும் த'னலாக் துணி, அன்னாசி நாரில் நெய்த பின்யா துணி, சமார் தீவுப் பாய், எல்லாம் மணிலாவுக்கு வந்து சேர்கின்றன. பழைய ஸ்பானியக் கோட்டை நகரான இன்ட்ராமுரோசில் சிலாஹிஸ் கடை, மால்களில் குல்துரா கடை, மலிவாக வேண்டுமென்றால் கியாப்போ பாலத்தடிக் கடைகள். கிரீன்ஹில்ஸ் அங்காடியில் முத்து வாங்கினால் கூச்சப்படாமல் பேரம் பேசுங்கள். செபுவில் உலர் மாம்பழம், பக்கத்துத் தீவான மக்தானின் கிட்டார், தபோவான் சந்தைக் கருவாடு. கருவாட்டை நாலு உறை போட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

ஆக, வாய்க்கு செபு, பைக்கு மணிலா. மூன்றும் சேர்த்துக் கேட்டால் என் ஓட்டு மணிலாவுக்கே, ஊரைக் குறுக்கே கடக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தால். சனிக்கிழமை சல்செடோ சந்தை, மக்காத்தி, இரவு அங்கேயே படுக்கை. ஞாயிறு விடிந்ததும் பெட்டியோடு இன்ட்ராமுரோஸ், பிறகு பினோண்டோ. அங்கிருந்து விமான நிலையம் வரைபடத்தில் பக்கம்தான். அதை நம்பாமல் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கிளம்பிவிடுங்கள்.