லண்டனில் இருக்கை, போஹுமில் படிக்கட்டு: கால்பந்து பார்க்க எது?

என் அலுவலகத்தில் எதிர்மேசையில் உட்காரும் நண்பர் ஆங்கிலேயர். அப்பா, அவர், அவருடைய 16 வயது மகன் என்று மூன்று தலைமுறையும் ஒரே லண்டன் கிளப்பின் ரசிகர்கள். மூவரும் சேர்ந்து ஒரு மேட்சுக்குப் போக ஆசைப்பட்டு டிக்கெட் எடுத்தார்கள். உறுப்பினர் சந்தா தனி, அதற்குமேல் டிக்கெட் ஆளுக்கு 60 பவுண்டைத் தாண்டியது. கிடைத்த மூன்று இருக்கையும் மூன்று மூலையில். தாத்தா மேல்தட்டில், பேரன் கோல்கம்பத்துக்குப் பின்னால், நண்பர் கார்னர் கொடிக்கு நேரே. கோல் விழுந்ததும் பக்கத்து இருக்கைக்காரரைக் கட்டிப்பிடித்தேன், அவர் யாரென்றே தெரியாது என்றார் நண்பர். மேட்ச் முடிந்து ரயிலடியில் சந்தித்தபோது தாத்தா பேரனிடம், "நீ எந்தப் பக்கம் இருந்தாய்? தேடிக்கொண்டே இருந்தேன்" என்றாராம்.

அந்த சீசனிலேயே அவர்கள் ஜெர்மனிக்குப் போய் மேட்ச் பார்ப்பதென்று முடிவு செய்தார்கள். என்னையும் அழைத்தார்கள். இதுவரை மூன்று முறை போய்வந்துவிட்டோம்: ஒரு முறை டார்ட்முண்ட், இரண்டு முறை போஹும். லண்டனில் பல வருடமாக மேட்ச் பார்ப்பவன் என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. என் மனம் எந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இருக்கையே இல்லாமல் நின்று பார்க்கும் போஹுமின் படிக்கட்டு.

ஆட்டத் தரத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. உலகின் சிறந்த வீரர்களை வாராவாரம் பார்க்க வேண்டுமென்றால் இங்கிலாந்துதான். ஜெர்மனியின் முதல் பிரிவில் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 முறை பயர்ன் மியூனிக்தான் பட்டம் வாங்கியது. 2024-இல் லெவர்குசன் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் அந்தத் தொடரை முறித்தது. பட்டப் போட்டியின் விறுவிறுப்புக்காக யாரும் விமானம் ஏறுவதில்லை. பீர் விஷயமும் அப்படித்தான். இங்கிலாந்தில் 1985-இல் வந்த சட்டப்படி மேல் பிரிவு மேட்சுகளில் மைதானம் கண்ணில் படும் இடத்தில் மது குடிக்கக் கூடாது. ஜெர்மனியில் கையில் கோப்பையோடு நின்று பார்க்கலாம். கோப்பைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, திருப்பிக் கொடுத்தால் காசைத் தருவார்கள். அவ்வளவுதான்.

அடுத்தது காசு. ஜெர்மனிக்குப் போனால் மலிவு என்று எல்லோரும் சொல்வதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்காது. நின்று பார்க்கும் டிக்கெட் 15 முதல் 20 யூரோவுக்குள் கிடைக்கிறது, அது உண்மை. பல கிளப்களில் அந்த டிக்கெட்டைக் காட்டியே ஊர் ரயிலிலும் டிராமிலும் போகலாம், அதுவும் உண்மை. ஆனால் விமானம், லண்டனில் விமான நிலையத்துக்குப் போகும் ரயில், இரண்டு இரவு அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் எனக்கு லண்டன் மேட்ச் மூன்றுக்கு ஆகும் செலவு ஆனது. என்னைப் போல இந்திய பாஸ்போர்ட்டோடு பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ஷெங்கன் விசாவும் வேண்டும். அந்தச் செலவும் அலைச்சலும் தனி. நண்பர் குடும்பத்துக்கு அது இல்லை. எனவே பணம் மிச்சம் பிடிக்கத்தான் என்றால் போகவே வேண்டாம்.

டிக்கெட் ஏன் அங்கே மலிவு என்பது மட்டும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். ஜெர்மனியில் 50+1 என்றொரு விதி உண்டு. கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களின் கையில் இருக்க வேண்டும். லெவர்குசன், வோல்ஃப்ஸ்பர்க் போன்ற ஒன்றிரண்டு விலக்குகள் தவிர, பெரும் பணக்காரர் ஒருவர் வந்து கிளப்பை வாங்கிவிட முடியாது. விலையை ஏற்றினால் ஓட்டுப் போடுபவர்களே கேள்வி கேட்பார்கள். 2024 பிப்ரவரியில் லீகின் ஒளிபரப்பு வருமானத்தில் வெளி முதலீட்டாளரைச் சேர்க்கும் திட்டத்தை எதிர்த்து ரசிகர்கள் வாரக்கணக்கில் டென்னிஸ் பந்துகளைக் களத்தில் எறிந்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. இங்கிலாந்தில் ரசிகர்களுக்கு அன்பு குறைவில்லை, பிடிதான் இல்லை.

சரி, காசும் காரணமில்லை, ஆட்டமும் காரணமில்லை என்றால் எதற்குப் போவது? நின்று பார்க்கத்தான். இது கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். எல்லாமே இதில்தான் அடங்கியிருக்கிறது.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கூட்ட நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் இறந்தார்கள். கடைசியாக இறந்தவர் 32 வருடம் கழித்து, அன்று பட்ட காயத்தால் போனார். அதை விசாரித்த நீதிபதி டெய்லரின் பரிந்துரைப்படி 1994 முதல் இங்கிலாந்தின் மேல் இரண்டு பிரிவுகளிலும் நிற்கும் படிக்கட்டுகளை எடுத்துவிட்டு முழுக்க இருக்கை போட்டார்கள். நின்றதால்தான் இறந்தார்கள் என்ற எண்ணம் ஊரில் அப்படியே தங்கிவிட்டது. ஆனால் நெரிசல் வந்ததற்குக் காரணம், ஏற்கெனவே நிரம்பிய, முன்புறம் வேலி அடைத்த பகுதிக்குள் மேலும் மேலும் ஆட்களை அனுப்பியதுதான். 2016-இல் விசாரணை ஜூரியும் காவல்துறையின் தவறுகளைச் சொல்லி, ரசிகர்கள் மேல் குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது.

இருக்கை வந்ததும் கூடவே எண்ணும் வந்தது. எண் வந்ததால் என்ன ஆனது என்பதை நண்பர் குடும்பம்தான் எனக்குப் புரியவைத்தது. நிற்கும் படிக்கட்டின் டிக்கெட்டில் பகுதியின் பெயர் மட்டும் இருக்கும். நால்வர் நாலு நாளில் தனித்தனியாக வாங்கினாலும் உள்ளே போய் ஒன்றாக நிற்கலாம். தாத்தா காலத்தில் அப்படித்தான். பள்ளிக்கூடத்துப் பையன்கள், தொழிற்சாலை நண்பர்கள், தெருக்காரர்கள் என்று ஒரு கூட்டம் எப்போதும் ஒரே தூணுக்குப் பக்கத்தில் நிற்கும். புதிதாக ஒருவன் வந்தால் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தால் போதும். எண் போட்ட இருக்கையில் யாருக்கும் நகர்ந்து கொடுக்க முடியாது. உன் பக்கத்தில் யார் என்பதை கணினிதான் முடிவு செய்கிறது.

இங்கிலாந்திலும் இப்போது பாதுகாப்பாக நிற்கலாமே என்று கேட்பீர்கள். 2022 ஜனவரியில் செல்சி, மான்செஸ்டர் யுனைடெட், டாட்டன்ஹாம் உள்ளிட்ட 5 கிளப்களில் சோதனையாகத் தொடங்கி, அடுத்த சீசனிலிருந்து மற்றவர்களுக்கும் அனுமதி கொடுத்தார்கள். நல்ல மாற்றம்தான், வரவேற்கிறேன். ஆனால் அங்கே ஒவ்வொருவர் முன்னும் ஒரு கம்பி, பின்னால் ஒரு மடக்கு இருக்கை, அதற்கொரு எண். ஓர் இருக்கைக்கு ஒரு ஆள்தான். நிற்கலாம், ஆனால் சேர்ந்து நிற்க முன்கூட்டியே சேர்த்து வாங்கியிருக்க வேண்டும்.

ஜெர்மனிக்குள்ளேயும் எங்கே போவது என்று ஒரு கேள்வி உண்டு. எங்கள் முதல் பயணம் டார்ட்முண்ட். இங்கிலாந்து ரசிகர் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். 1974 உலகக் கோப்பைக்காகக் கட்டிய மைதானம், இன்று 81,365 பேர் கொள்ளும். தெற்குப் பக்கத்தில் மட்டும் ஏறக்குறைய 25,000 பேர் நிற்கிறார்கள். ஐரோப்பாவில் நின்று பார்க்க அதைவிடப் பெரிய இடம் இல்லை. லிவர்பூலில் பாடும் பாட்டை ஆட்டத்துக்கு முன், மஞ்சள் சுவர் என்று அழைக்கப்படும் அந்தத் தெற்குப் பக்கம் முழுக்கக் கழுத்துத் துண்டை உயர்த்திப் பாடியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் நாங்கள் அதைப் பார்த்தோமே தவிர அதில் நிற்கவில்லை. அந்தத் தெற்குப் பக்கம் கிட்டத்தட்ட முழுக்க சீசன் டிக்கெட்காரர்களுடையது. வெளியூர்க்காரருக்கு அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிளப்பின் மறுவிற்பனைத் தளத்தில் எங்களுக்குக் கிடைத்தது எதிர்ப்பக்கத்தில் ஆளுக்கு 50 யூரோ கொடுத்த இருக்கை, அதுவும் இரண்டு இரண்டாகப் பிரிந்து. தாத்தா இடைவேளையில் எழுந்து வந்து, "இதற்கு லண்டனிலேயே உட்கார்ந்திருக்கலாம்" என்றார். அவர் சொன்னது சரி. டார்ட்முண்டை ஒரு முறை பார்க்கத்தான் வேண்டும், ஆனால் நிற்க ஆசைப்படுபவருக்கு அது பதில் இல்லை.

போஹும் அங்கிருந்து ரயிலில் கால் மணி நேரம்கூட இல்லை. 2021-இல் முதல் பிரிவுக்கு ஏறி 2025-இல் இறங்கிய கிளப். மைதானம் 26,000 பேர் கொள்ளும். ஊருக்கு வெளியே வயலில் கட்டியதல்ல. ரயில் நிலையத்திலிருந்து 308 அல்லது 318 டிராம் பிடித்தால் வந்துவிடும், நடந்தும் போகலாம். பக்கத்துச் சுவர் ஒரு சிறைச்சாலையுடையது. கோல்கம்பத்துக்குப் பின்னாலிருக்கும் கிழக்கு வளைவில்தான் நிற்கும் இடம். நான்கு டிக்கெட்டையும் இரண்டு பேர் இரண்டு நாளில் வாங்கினோம், உள்ளே போய்ச் சேர்ந்து நின்றோம்.

படிக்கட்டில் இடையிடையே இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கம்பி பதித்திருக்கிறார்கள். ஜெர்மானியர் அதற்கு வைத்திருக்கும் பெயர் வெல்லன்பிரெக்கர், அதாவது அலையை உடைப்பது. தாத்தா போனதும் முதல் வேலையாக அந்தக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. அப்புறம் திரும்பி, வெளியே போகும் படி எங்கே என்று கண்ணால் தேடி வைத்துக்கொண்டார். 1989-க்கு முன் வாராவாரம் நின்றவர் அவர். பிறகு பேரனைத் தோளில் பிடித்து இழுத்துக் கம்பிக்கு முன்னால், முதுகு கம்பியில் படும்படி நிறுத்தினார். "கோல் விழுந்தால் மேலேயிருந்து தள்ளல் வரும். கம்பி உன் வயிற்றுக்கு முன்னால் இருந்தால் நசுங்குவாய், முதுகுக்குப் பின்னால் இருந்தால் அது வாங்கிக்கொள்ளும்" என்றார். முப்பது வருடத்துக்கு மேல் யாருக்கும் சொல்லத் தேவைப்படாத ஒரு பாடத்தை அவர் சொல்லிக்கொடுத்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

கோல் விழுந்தது. தள்ளலும் வந்தது. யாரோ ஒருவருடைய பீர் என் கழுத்தில் கொட்டியது. நிமிர்ந்து பார்த்தால் நாங்கள் நால்வரும் இரண்டு படி இடம் மாறி, ஆனால் ஒன்றாகவே இருந்தோம். பக்கத்தில் நின்ற போஹும்காரர் ஒருவர் பேரனின் தொப்பியைக் கீழேயிருந்து எடுத்துத் தட்டிக் கொடுத்தார்.

குறையே இல்லையா என்றால் உண்டு. இரண்டாவது முறை போனபோது ஒரு பெரிய கொடி முழு நேரமும் எங்கள் முன்னால் ஆடியது. ஒரு கோலை நான் பார்க்கவே இல்லை, சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். கால் வலிக்கும், ஒரு மணி நேரம் முன்னாலேயே போனால்தான் கம்பிக்குப் பக்கத்தில் இடம். மார்கழிக் குளிரில் நாங்கள் போனதில்லை, சின்னக் குழந்தையோடும் போனதில்லை, எனவே அந்த இரண்டுக்கும் என் வார்த்தையை நம்பி டிக்கெட் எடுக்க வேண்டாம்.

இங்கிலாந்திலேயே கீழ்ப்பிரிவுகளில் நிற்கலாமே என்பது நியாயமான வாதம். முழு இருக்கை விதி மேல் பிரிவுகளுக்குத்தான். தெற்கு லண்டனில் டல்விச் ஹேம்லெட் போன்ற கிளப்பில் மலிவாக, கையில் பீரோடு, நண்பர்களோடு நிற்கலாம். விசா வேண்டாம், விமானம் வேண்டாம். மாதத்துக்கு ஒரு முறை என்றால் நானும் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் சில ஆயிரம் பேர் நிற்பதும், ஒரு முழு வளைவு சேர்ந்து முன்னால் சரிவதும் வேறு வேறு. வருடத்துக்கு ஒரு முறை அந்தச் சரிவுக்காகப் போகலாம்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று மட்டும். சீசன் தொடங்கும்போது எந்த வார இறுதி என்பதுதான் தெரியும். வெள்ளியா, சனியா, ஞாயிறா என்பதைச் சில வாரங்களுக்கு முன்புதான் அறிவிப்பார்கள். விமானத்தை வெள்ளி மதியம் போய் ஞாயிறு இரவு திரும்புவதாக எடுங்கள். ஹாம்பர்கையும் பெர்லினையும் விட, டார்ட்முண்டும் போஹுமும் இருக்கும் ரூர் பகுதியை நான் சொல்வதற்கு இதுவும் காரணம். டார்ட்முண்ட், போஹும், கெல்சன்கிர்ச்சன், எசன், டூயிஸ்பர்க் எல்லாம் ரயிலில் எளிதாகப் போய்வரக்கூடிய பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஒரு மேட்ச் கைநழுவினால் இன்னொன்று எப்படியும் இருக்கும்.

அடுத்த பயணம் ஏப்ரலில். தாத்தாவுக்கு முழங்கால் சரியில்லை, இருக்கை எடுக்கட்டுமா என்று நண்பர் கேட்டார். கிழக்கு வளைவில்தான் வேண்டும், கம்பிக்கு முன்னால் என்று பதில் வந்ததாம். மூன்று டிக்கெட் எடுத்தாயிற்று. நாலாவதை நான் இந்த வாரம் எடுக்க வேண்டும்.