ஆரல்வாய்மொழிக் காற்றில் நான்கு வருடம்: என் மினி 2 அனுபவம்

2021 மார்ச்சில் வாங்கிய டிஜேஐ மினி 2 என்ற சின்ன கேமரா ட்ரோனை நான்கு வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். ஊர் ஆரல்வாய்மொழிக்குப் பக்கம். தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே பாய்கிற இடம். முப்பந்தலில் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது அதனால்தான். ட்ரோன் வாங்க யோசனை கேட்பவர்களிடம் நான் கேமராவுக்கு முன்னால் காற்றைப் பற்றித்தான் பேசுவேன்.

இதற்கு முன் விலை குறைந்த ஒரு மடக்கு ட்ரோன் வைத்திருந்தேன். பெட்டியில் 4கே என்று பெரிதாகப் போட்டிருந்தது, ஜிபிஎஸ் கிடையாது. மூன்றாம் நாளே காற்றோடு வாழைத்தோப்பைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. ஜிபிஎஸ் இருந்தால் ரிமோட்டின் குச்சியிலிருந்து விரலை எடுத்ததும் அதே இடத்தில் நிற்கும். ஜிபிஎஸ்ஸும், கேமராவை ஆடாமல் பிடிக்கும் மூன்று அச்சு கிம்பலும் இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மினி 2 நொடிக்கு 10.5 மீட்டர் காற்று வரை தாங்கும் என்பது நிறுவனக் கணக்கு. தாங்குவது வேறு, திரும்பி வருவது வேறு. சாதாரண மோடில் அதன் வேகம் நொடிக்கு 10 மீட்டர். எதிர்க்காற்று 8 மீட்டர் அடித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 2 மீட்டர்தான். ஒரு கிலோமீட்டர் திரும்ப எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதே தூரத்தைப் போகும்போது காற்று தள்ளிவிட ஒரே நிமிடத்தில் கடந்திருப்போம்.

2022 ஆடியில் இதில் நானே மாட்டினேன். பேட்டரி 38 சதவீதம். திரையில் தூரம் 740, 739, 741 மீட்டர் என்று அங்கேயே நின்றது. உள்ளங்கை வியர்த்துவிட்டது. ஸ்போர்ட் மோடுக்கு மாற்றினேன். அதில் நொடிக்கு 16 மீட்டர் வரை போகும். கீழே வயல்வெளிதான் என்பதால் உயரத்தையும் 70 மீட்டரிலிருந்து 25-க்கு இறக்கினேன். தரைப்பக்கம் காற்று குறைவு. எண் மெல்ல இறங்கியது. 9 சதவீதத்தில் வரப்பில் வந்து உட்கார்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த தோப்புக்காரத் தாத்தா, "மக்களே, பனையோலை சடசடன்னு அடிச்சா அன்னைக்கு இத விடாத" என்றார். இன்றும் ஓலைச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கிறேன். முதலில் காற்றை எதிர்த்தே அனுப்புகிறேன். திரும்பும்போது காற்றே கொண்டுவந்து சேர்க்கும்.

31 நிமிடம் பறக்கும் என்பது காற்றில்லாத கணக்கு. எனக்குக் கிடைப்பது இருபதுதான். மூன்று பேட்டரி சேர்ந்த தொகுப்பாக வாங்குங்கள்.

இதன் சென்சார் கீழே மட்டும்தான் பார்க்கும். தானாகத் திரும்பும்போது எதிரே தென்னை நின்றாலும் தெரியாது. அதனால் திரும்பும் உயரத்தை 50 மீட்டரில் வைத்திருக்கிறேன். தோப்புக்குள் படமெடுப்பவர்கள் எல்லாப் பக்கமும் பார்க்கும் மினி 4 ப்ரோ மாதிரி ஒன்றைத் தேடுவது நல்லது. அந்தி நேரப் படம்தான் முக்கியம் என்றாலும் அப்படியே: மினி 2-வின் 1/2.3 அங்குல சென்சாரில் பொழுது சாய்ந்ததும் புள்ளி புள்ளியாக வருகிறது. காலை வெயிலில் எடுத்தால் இன்றும் எனக்குக் குறையில்லை.

எடை 249 கிராம். 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ வகை. ட்ரோன் ஓட்ட உரிமம் தேவையில்லை. இறக்கைக் காப்பு மாட்டினாலே அந்த வரம்பு தாண்டிவிடும், கவனம். உரிமம் வேண்டாம் என்பதற்காக எங்கும் பறக்கவிடலாம் என்று இல்லை. அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்து வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலமா, அதாவது முன் அனுமதி கேட்காமல் பறக்கவிடக்கூடிய பகுதியா என்று பாருங்கள். அங்கும் 120 மீட்டர்தான் உச்சம். அணுமின் நிலையம் இருக்கிற கூடங்குளம், இஸ்ரோ மையம் இருக்கிற மகேந்திரகிரிப் பக்கம் நான் பையையே கொண்டுபோவதில்லை. பறவைகள் சரணாலயமான சுசீந்திரம் தேரூர் குளங்களிலும் எடுப்பதில்லை. ஒருமுறை வேறொரு குளத்தில் இதன் இரைச்சலுக்கு நாரைக்கூட்டம் மொத்தமாக எழும்பி ஓடியது. அந்தப் படத்தை அழித்துவிட்டேன்.

2022 பிப்ரவரி முதல் முழு ட்ரோன்களை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. ஆகவே பில் கொடுக்க மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். பழுதானால் யார் பார்ப்பார்கள் என்று பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

பழையதை வாங்கினால் இறக்கைகளின் விளிம்பில் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது, நகத்தில் தட்டும். தட்டினால் அந்த இறக்கையை மட்டுமல்ல, அதே மோட்டாரில் இருக்கும் அதன் ஜோடியையும் சேர்த்து மாற்றுங்கள்.