மலையும் துறைமுகமும் சேர்ந்த ஊர்ல நடந்தே சுத்தணும்னா மங்களூரா, வைசாக்கா?

கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு மலை புதுசு இல்ல, பழையபேட்டைல சாமான் வாங்கப் போனாலே கோட்டை மலை தலைக்கு மேல நிக்குது. கடல்தான் நமக்குத் தூரம். அதனால லீவு விட்டா எங்க வீட்ல முதல் பேச்சே கடல்தான். எனக்கு பீச்ல உக்காந்திருக்கறது மட்டும் பத்தாது, பழைய கடைத்தெருவுல கால் வலிக்க நடக்கணும், மேடு ஏறி எறங்கணும், கடைசில கப்பல் நிக்கற எடத்துல போய் முடியணும். அப்படிப் பாத்தா நமக்குக் கைக்கெட்டற தூரத்துல ரெண்டு ஊருங்க, மங்களூரும் வைசாக்கும் (விசாகப்பட்டினம்தான்). ரெண்டுமே போயிட்டு வந்துட்டோம், யாராவது கேட்டா நான் மங்களூர்தான் சொல்வேன், ஏன்னு சொல்றேன்.

போற வழி முதல்ல. மங்களூருக்கு இங்கருந்து பெங்களூர் ரெண்டு மணி நேரம், அங்க ராத்திரி பஸ் ஏறுனா சுமார் 350 கிலோமீட்டர், காலைல எறங்கிடலாம். வைசாக்னா நம்ம டவுன்ல ரயிலே கிடையாது, சென்னை போய் அங்கருந்து ராத்திரி ரயில், மொத்தத்துல ஒரு நாள் கூடுதலா போயிடும். மூணு நாள் லீவுக்கு வைசாக் வேணாம்.

மங்களூர்ல நான் சொல்ற நடை இதான், லைட் ஹவுஸ் ஹில்ல ஆரம்பிங்க. மேல செயின்ட் அலோஷியஸ் சேப்பல் இருக்கு, இத்தாலில இருந்து வந்த அந்தோனியோ மொஸ்கேனினு ஒரு துறவி 1899லருந்து 1901 வரைக்கும் அதோட சுவரு, கூரைன்னு ஒரு எடம் விடாம வரைஞ்சிருக்காரு, கழுத்து வலிக்கற வரைக்கும் அண்ணாந்து பாத்துட்டு நின்னோம். அங்கருந்து எறக்கம்தான், ஹம்பன்கட்டா வந்துடும், அப்படியே கார் ஸ்ட்ரீட், அதாவது வெங்கடரமணா கோயில் தேர் வீதி, பூக்கடை, பூஜை சாமான் கடை, அப்பளம் ஊறுகாய் விக்கற சின்னச் சின்னக் கடைங்கன்னு போயிட்டே இருக்கும், நடுவுல எங்கயாவது உக்காந்து கோலி பஜேயும் பன்ஸும் சாப்பிடுங்க (கோலி பஜேனா மைதால செய்யற உருண்டை பஜ்ஜி, பன்ஸ்னா பேக்கரி பன் இல்ல, வாழைப்பழம் போட்டு பெசஞ்சு பொரிக்கற இனிப்பு பூரி). இன்னும் எறங்குனா பந்தர், பழைய துறைமுகம். மொத்த வியாபாரக் கடைங்க, ஓட்டுக் கூரை போட்ட பழைய குடோனுங்க, கருவாட்டு வாசனை, மூட்டை தூக்கறவங்க, அந்தச் சந்துங்கள்ல நின்னப்போ நம்ம பழையபேட்டை ஞாபகம்தான் வந்துச்சு. லட்சத்தீவுக்கு மளிகையும் கட்டட சாமானும் இன்னைக்கும் அந்தப் பழைய துறைமுகத்துலருந்துதான் படகுல ஏத்தறாங்க. பெரிய கப்பலெல்லாம் பணம்பூர்ல புது துறைமுகத்துக்குப் போயிடும். மலை உச்சிலருந்து தண்ணி வரைக்கும் ஒரே நடை, ஆட்டோவே வேணாம். வைசாக்ல இது முடியல.

இன்னொன்னு என்னை ரொம்பத் தொட்டுச்சு. காவேரிப்பட்டணத்துல எங்க பாட்டி வீடு மங்களூர் ஓடு போட்ட வீடு, சின்ன வயசுல கழட்டி வச்ச ஓட்டோட அடில இருக்கற இங்கிலீஷ் எழுத்த எழுத்துக்கூட்டிப் படிப்போம். அந்த ஓட்டுத் தொழில பாசல் மிஷன்ங்கற கிறிஸ்தவ மிஷன்காரங்க 1865ல ஜெப்புங்கற எடத்துல நேத்ராவதி ஆத்தோரம்தான் ஆரம்பிச்சாங்க, ஆத்துக் களிமண்ணும் பக்கத்துலயே கடல் போக்குவரத்தும் இருந்ததால பிடிச்சுக்கிச்சு. நம்ம ஊரும் அந்த ஊரும் ஒரு காலத்துல ஹைதர், திப்பு ஆட்சில ஒண்ணாத்தான் இருந்துச்சு, 1784ல திப்புவும் இங்கிலீஷ்காரங்களும் ஒப்பந்தம் போட்டது மங்களூர்லதான், எட்டு வருஷம் கழிச்சு பாராமகால், அதாவது நம்ம கிருஷ்ணகிரிப் பக்கம், இங்கிலீஷ்காரங்க கைக்கு மாறிடுச்சு.

வைசாக்க குறைச்சு சொல்லல. அங்க ஒன் டவுன்னு சொல்ற பழைய ஊர மட்டும் தனியா எடுத்தா மங்களூருக்கு சமமா நிக்கும். பக்கத்து பக்கத்துல மூணு குன்னு, ஒண்ணுல ராஸ் ஹில் சர்ச், ஒண்ணுல தர்கா, ஒண்ணுல வெங்கடேஸ்வரர் கோயில், மூணும் ஒரே காலைல ஏறிடலாம், நம்ம கோட்டை மலை ஏறுன காலுக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. ராஸ் ஹில் மேல நின்னா எதிர்ல டால்பின்ஸ் நோஸ் மலை, நடுவுல கால்வாய் மாதிரி குறுகலான வழி, அதுல கப்பல் உள்ள வருது பாருங்க, அந்த மலை காத்தையும் அலையையும் தடுக்கறதாலதான் 1933ல அங்க துறைமுகமே வந்துச்சு. கீழ எறங்குனா குருபாம் மார்க்கெட்ல நகைக்கடைங்க, அந்தப் பக்கம் பூர்ணா மார்க்கெட். வாங்கறதுக்குன்னா எட்டிகொப்பாக்கா பொம்மை வாங்குங்க, அங்குடு மரத்துல கடைஞ்சு அரக்குல சாயம் ஏத்துனது, அவ்ளோ வழவழப்பு.

ஆனா அதுக்கு மேல ஊரு விரிஞ்சு போயிடுது. ஜகதாம்பா சென்டர், ஆர்கே பீச், குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல், கைலாசகிரினு ஒவ்வொண்ணுக்கும் நடுவுல அகல ரோடும் டிராபிக்கும்தான், கடைத்தெரு தொடர்ச்சியே இல்ல, நடந்தா வெயில்தான் மிச்சம். பீச் ரோடு மட்டும் சமதளமா இருக்கு, முட்டி வலி உள்ள பெரியவங்க கூட வந்தா அது பெரிய உதவி, மங்களூர் மேடு அவங்களுக்குக் கஷ்டம்தான்.

பேச்சு விஷயத்துல நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு ரெண்டு பக்கமும் லாபம். மங்களூர் கடைல அவங்களுக்குள்ள துளு, கொங்கணி, பியாரினு பேசிக்குவாங்க, நம்ம கன்னடத்துல கேட்டா உடனே கன்னடத்துல பதில் வரும். வைசாக்ல எங்க பெரியம்மா, வீட்ல பேசற தெலுங்குலயே வெலை கேட்டாங்க, கடைக்காரம்மா நிமிந்து பாத்து எந்தப் பக்கம்மா நீங்கன்னு கேட்டு, கிருஷ்ணகிரினு சொன்னதும் கால் மணி நேரம் உக்கார வச்சுப் பேசுனாங்க.

மாசம் பாத்துப் போங்க. மங்களூர்ல ஜூன்லருந்து செப்டம்பர் வரைக்கும் பேய் மழை, ஜூன், ஜூலைல மீன்பிடித் தடை வேற, படகெல்லாம் கட்டிக் கெடக்கும். வைசாக் பக்கம் தடை ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும், அந்த வெயில்ல யாரும் நடக்கவும் மாட்டீங்க. அக்டோபர், நவம்பர்ல அங்க புயல் பயம், 2014ல ஹுத்ஹுத் அடிச்சது அக்டோபர்லதான். டிசம்பர், ஜனவரி ரெண்டு ஊருக்கும் நல்லது.

இந்தப் பொங்கல் லீவுக்கு மறுபடியும் மங்களூர்னுதான் நான் சொல்லிட்டிருக்கேன். பெரியம்மா மட்டும் ஒத்துக்கல, அந்தக் குன்னு மேல நின்னு கப்பல் உள்ள வர்றத இன்னொரு தடவ பாக்கணும்ங்கறாங்க, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.