61-ன்னு சொல்லி வித்த ரிங், ரெண்டு எம்ஆர்எஃப்300 போச்சு – ஆம்ப்ளிஃபையர் கட்டறவங்க கவனிங்க

ரெண்டு மாசமா எழுதணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன், கோவத்துல எழுதினா வார்த்தை தடிச்சிடும்னு ஆறப் போட்டேன். இப்பவும் முழுசா ஆறல. கடை பேரு சொல்ல மாட்டேன், கேக்காதீங்க. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம், வாட்ஸப்லயும் ஆர்டர் எடுப்பாங்க, அவ்வளவுதான்.

விஷயம் இதான். நான் அமெச்சூர் ரேடியோக்காரன், எச்எஃப்க்கு (ஷார்ட்வேவ்) ஒரு 200 வாட் புஷ்-புல் லீனியர், அதாவது டிரான்ஸ்மிட்டர் பவரை ஏத்தற ஆம்ப்ளிஃபையர் கட்டினேன், எம்ஆர்எஃப்300-ங்கற பவர் எஃப்இடி (ஒரு வகை டிரான்சிஸ்டர்) ரெண்டு, 50 வோல்ட் சப்ளை, ஒவ்வொரு ட்ரெயினுக்கும் (எஃப்இடிக்கு சப்ளை வர்ற கால்) தனித்தனியா ஒரு சோக், அதாவது டிசியை விட்டுட்டு ஆர்எஃப்-ஐ (ரேடியோ அலையை) தடுக்கற, ரிங்ல சுத்தின சுருள். சர்க்யூட்ல தெளிவா எஃப்டி140-61 (ஃபெரைட் ரிங், 140 அளவு, 61 அதோட மிக்ஸ், அதாவது கலவை நம்பர்), 8 சுத்துன்னு போட்டிருந்துச்சு. வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா டூட்டி, ஷிப்பிங்னு ரிங்கை விட அதுக்கு அதிகமா ஆகுது, அதனால இங்கயே கிடைக்குதேன்னு கேட்டேன். "61 மிக்ஸ் இருக்கு சார், ஒரிஜினல்"ன்னாரு. நாலு வாங்கினேன், கவர் மேல பேனாவால 61-ன்னு எழுதியே கொடுத்தாரு. வெளி விட்டம் ஸ்கேல் வச்சுப் பார்த்தேன், 35 மி.மீ. சொச்சம், சரியா இருந்துச்சு. அதோட திருப்தி ஆயிட்டேன் பாருங்க, அங்கதான் நான் முட்டாள் ஆனது. ஃபெரைட் ரிங்குக்கு அயர்ன் பவுடர் மாதிரி கலர் கோட் கிடையாது, 61, 43, 31, மெயின்ஸ் ஃபில்டர்ல வர்ற ரிங் எல்லாமே பார்க்க ஒரே கரிக்கட்டைதான்.

சுத்தி முடிச்சு எல்சிஆர் மீட்டர்ல (இன்டக்டன்ஸ் அளக்கறது) வச்சா 350 மைக்ரோஹென்றி காட்டுது. வரவேண்டியது 9 மைக்ரோஹென்றி. அப்பவே நிறுத்தியிருக்கணும். ஆனா மனசு என்ன சொல்லுச்சுன்னா, சோக் தானே, இன்டக்டன்ஸ் கூட இருந்தா ஆர்எஃப்-ஐ இன்னும் நல்லாத் தடுக்கும், நல்லதுதானேன்னு. போட்டு மூடிட்டேன்.

40 மீட்டர் பேண்ட்ல பேச ஆரம்பிச்சா, மெதுவா பேசும்போது ஒண்ணும் இல்ல, குரலை உசத்தினா பக்கத்து ஃப்ரீக்வென்சில இருக்கறவர் "என்னங்க ரெண்டு பக்கமும் சிதறுது, மைக் கெயினைக் குறைங்க"ங்கறாரு. குறைச்சேன், பயாஸைத் திரும்ப செட் பண்ணேன், ஃபீட்பேக் ரெசிஸ்டரை மாத்தினேன், ஒரு வாரம் இப்படியே போச்சு. சோக் மேல மட்டும் சந்தேகமே வரல. அப்புறம் ஒரு ராத்திரி எஃப்டி8 (கம்ப்யூட்டர் வழியா அனுப்பற டிஜிட்டல் முறை) போட்டேன். ஒரு தடவை 12 செகண்டுக்கு மேல முழு பவர் நிக்கும்ல, மூணாவது தடவை கரண்ட் மீட்டர் முள்ளு துடிச்சுது, டப்புன்னு சப்ளை ட்ரிப். ரெண்டு எஃப்இடியும் ஷார்ட்.

நண்பர் ஒருத்தர் வந்து பார்த்துட்டு முதல்ல கேட்டது, "அண்ணே, இதுல டிசி எவ்வளவு போகுது?" உக்காந்து கணக்குப் போட்டோம். ஒரு பக்கத்துக்கு 3.5 ஆம்பியர், 8 சுத்து, ஆக 28 ஆம்பியர்-டர்ன். கோர் பாதை 9 சென்டிமீட்டர், அப்போ மீட்டருக்கு 310 ஆம்பியர் கிட்ட. நிஜமான 61-க்கு பெர்மியபிலிட்டி (காந்தப்புலத்தை உள்ள இழுக்கற திறன்) 125, அதுல 0.05 டெஸ்லாதான் வரும், அது தாங்கறது 0.2-க்கு மேல, கவலையே இல்ல. என்கிட்ட இருந்ததோட பெர்மியபிலிட்டி, அளந்த இன்டக்டன்ஸ்ல இருந்து பின்னாடி போட்டுப் பார்த்தா 5000. பேப்பர்ல 2 டெஸ்லா வருது, ஃபெரைட் எதுவும் அதுல கால்வாசி தாங்கினாலே பெருசு. அதாவது முழு கரண்ட் ஓடும்போது அந்த ரிங் இருந்தும் இல்லாத மாதிரி, சாச்சுரேட் ஆகி (காந்தம் நிரம்பி) இன்டக்டன்ஸ் படுத்துடுது. குரல் உசரும்போது சிதறினதுக்கு அதான் காரணம். கரண்ட் குறையும்போது 350 மைக்ரோஹென்றி திரும்ப வந்துடும், அவ்வளவு பெரிய சோக் பைபாஸ் கப்பாசிட்டரோட சேர்ந்து கீழ் ஃப்ரீக்வென்சில ரெசனன்ஸ் ஆகும், அந்த இடத்துல எஃப்இடிக்கு கெயின் எக்கச்சக்கம், ஆசிலேஷன் (தானாவே அலை கிளப்பறது) போறதுக்கு வேற என்ன வேணும். எஃப்இடியைக் கொன்னது இந்த ஆசிலேஷன்தான்னு என் கணிப்பு, முள்ளு துடிச்சது அதைத்தான் சொல்லுது.

இதுல இன்னொண்ணு, 61 இல்லைன்னா 43 போட்டுக்கலாம்னு நிறைய பேரு சொல்றாங்க. இந்த சோக்குக்கு வேண்டாங்க. 43-க்கு பெர்மியபிலிட்டி 800, அதே கணக்குல 0.3 டெஸ்லா வருது, அதோட எல்லையே அங்கதான். கோஆக்ஸ்ல (ஆன்டெனா கேபிள்) போடற பாலனுக்கும் இரைச்சல் அடக்கவும் அது தங்கம், தனியா டிசி சுமக்கற சோக்குக்கு இல்ல. ரெண்டு ட்ரெயின் வயரையும் ஒரே ரிங்ல ஜோடியா சுத்தி டிசியை எதிரெதிரா கேன்சல் பண்ணினா கதை வேற.

கடைக்குப் போனேன். "சார், ரிங்கெல்லாம் ஒண்ணுதான் சார், நீங்க சுத்தினது தப்பு"ன்னாரு. அவர் கண்ணு முன்னாடியே ஓரத்துல கோட்டிங்கை எமரி பேப்பரால தேய்ச்சு மல்டிமீட்டர் வச்சேன், சில கிலோ ஓம் காட்டுச்சு. 61, 43 ரெண்டும் நிக்கல்-ஜிங்க், மீட்டர் அசையவே கூடாது. மாங்கனீஸ்-ஜிங்க் தான் இப்படிக் காட்டும் (31-ம் அந்த வகைதான், அதனால 31 வாங்கறவங்க இந்த டெஸ்டை வச்சு சண்டைக்குப் போயிடாதீங்க). அதுக்கு அவர், "வயர் சுத்திட்டீங்க, ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்". பில்லை அப்பதான் ஒழுங்கா படிச்சேன், அதுல "ரிங் 4"-ன்னு மட்டும் இருக்கு, 61 எங்கயும் இல்ல. கவர் மேல எழுதறதுக்கு பேனா இருக்கு, பில்லுல எழுத இல்ல.

வீட்டுக்கு வந்ததும் அதே கடையில ஃபில்டருக்கு வாங்கின மஞ்சள் அயர்ன் பவுடர் ரிங் மேல சந்தேகம் வந்துச்சு, டி106-6-ன்னு கொடுத்தது. தின்னர்ல துடைச்சா ஒரு பக்கம் மஞ்சள் கரைஞ்சு அடியில வெள்ளை! மஞ்சள்-வெள்ளைன்னா 26 மிக்ஸ், பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ல (பவர் சப்ளை) இருந்து கழட்டினது, எச்எஃப்ல அடுப்பு மாதிரி சுடும். 10 சுத்துக்கு 1.2 மைக்ரோஹென்றிக்குள்ள வரணும், 9 வந்துச்சு. பெயின்ட் அடிக்கற அளவுக்கு உழைச்சிருக்காங்க, அதுக்கு ஒரு கும்பிடு.

இப்ப எந்த ரிங் வாங்கினாலும், எவ்வளவு தெரிஞ்ச கடையா இருந்தாலும், கையில ஒரு துண்டு வயரும் மீட்டரும் எடுத்துட்டுப் போறேன், கவுன்டர்லயே 10 சுத்து. எஃப்டி140-61-ன்னா 14 மைக்ரோஹென்றி கிட்ட வரணும், கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம், 500-ன்னு வந்தா அப்படியே வச்சுட்டு வந்துடுவேன். மீட்டரை எடுத்ததும் மூஞ்சி மாறுற கடையில அதுக்கு மேல நிக்கறதே இல்ல. பில்லுல மிக்ஸ் நம்பர் எழுதச் சொல்றேன்.

எஃப்இடி ரெண்டும் சேர்த்து பத்தாயிரம் பக்கம் போச்சு, புதுசு போட்டாச்சு, நிஜமான 61-ல சுத்தின சோக் அரை மணி நேரம் எஃப்டி8 ஓடினாலும் விரலுக்கு வெதுவெதுன்னு கூட தெரியல. அந்த நாலு ரிங்கையும் தூக்கிப் போடல, சப்ளையோட மெயின்ஸ் வயர்ல கோத்து விட்டிருக்கேன், அங்க அருமையா வேலை செய்யுதுங்க.